மேக், பைசன், கம்பைலர்: “பழையது” என்று சொல்வது யார்?

2023 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு சிறிய ஆய்வுகூடத்தின் பின்னறையில், எட்டு வருசமாக நிறுத்தாமல் ஓடுகிற ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் நான் இருந்தேன். அதோடு ஒரு அளவுகருவி இணைக்கப்பட்டிருந்தது. அந்தக் கருவியை இயக்குகிற நிரல் அந்த ஒரு கொம்பியூட்டரில் மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதைப் பார்த்துக்கொள்கிற அம்மணி ஓய்வு பெற இன்னும் இரண்டு வருசம் இருந்தது. நான் கோட்டைக் கழற்றும்போதே அவர் சொன்ன முதல் வார்த்தை: “என்னவும் செய்யுங்கோ, இதை மட்டும் உடைச்சுப் போடாதேங்கோ.” (அவர் தமிழர் இல்லை. ஆனால் அவர் சொன்ன தொனிக்கு இதுதான் சரியான மொழிபெயர்ப்பு.)

என் வேலை சின்னது. எங்கள் ஆட்கள் எழுதிய புதிய நிரல் ஒன்றை அதில் போட்டு ஓட்ட வேண்டும். ஓட்டினேன். ஒரே வரியில் பதில் வந்தது: ஜிலிப்சி 2.28 வேண்டும், இங்கே இல்லை.

அந்தக் கொம்பியூட்டரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7. அதன் ஜிலிப்சி 2.17. சரி, 2.28 இன் மூலநிரலை இறக்கி, ஒரு ஓரமாக வேறு அடைவில் கட்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். கட்டுவதற்கு முதல் படியாக ‘கான்ஃபிகர்’ என்ற நிரலை ஓட்ட வேண்டும். அது கொம்பியூட்டரைச் சுற்றிப் பார்த்து, தேவையான கருவிகள் இருக்கின்றனவா என்று சோதிக்கும். அது சொன்னது: முக்கியமான இந்த நிரல்கள் இல்லை, அல்லது மிகப் பழையவை: மேக், பைசன், கம்பைலர்.

ஏன் இந்த மூன்றும்? எந்த வயதில் ஒரு கருவி “மிகப் பழையது” ஆகிறது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கியவன் ஒரு மாதம் விடவில்லை. இந்தப் பதிவு அந்த மாதத்தின் அறுவடை. உங்களில் பலர் இப்போது பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் படிக்கிறீர்கள், சிலர் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிட்டீர்கள். இந்த வரி ஒருநாள் உங்கள் திரையிலும் வரும்.

முதலில், ஜிலிப்சி என்றால் என்ன? நீங்கள் எழுதுகிற நிரல் நேரே கேர்னலோடு கதைப்பதில்லை. கோப்பைத் திற, நினைவிடம் கொடு, இந்த எழுத்தைத் திரையில் காட்டு என்பதையெல்லாம் சி மொழியின் அடிப்படை லைப்ரரி வழியாகத்தான் கேட்கிறது. சாதாரண லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த லைப்ரரி க்னூ சி லைப்ரரி, சுருக்கமாக ஜிலிப்சி. பைத்தானில் எழுதினாலும், உலாவியைத் திறந்தாலும், கோப்புகளைப் பட்டியலிட்டாலும் அடியில் அதுதான் இருக்கிறது.

அடியில் இருப்பதில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. முதுகலை படிக்கிற காலத்தில், அதிகம் தெரியும் என்ற நினைப்பில், என் மடிக்கணினியில் புதிய ஜிலிப்சியைப் பழையதன் மேலேயே போட முயன்றேன். பாதியில் பழைய இணைப்பு அழிந்துவிட்டது. அடுத்த நொடியிலிருந்து கோப்புப் பட்டியல் வரவில்லை, நகல் எடுக்க முடியவில்லை. பிழையைச் சரிசெய்ய ஓட்ட வேண்டிய கட்டளைகளுக்கும் அதே லைப்ரரி தேவை! இந்த நிலைமைக்காகவே ஜிலிப்சி ‘எஸ்எல்என்’ என்ற ஒரு குட்டி நிரலைத் தன்னோடு கொண்டு வருகிறது. வேறு எந்த லைப்ரரியையும் நம்பாமல் தனியே நின்று, அறுந்த இணைப்பை மறுபடி போடும் நிரல். அது எனக்கு அப்போது தெரியாது. யூஎஸ்பியில் இன்னொரு லினக்ஸைப் போட்டுத்தான் மீட்டேன். ஆகவே அந்த அம்மணி சொன்னதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

இனி வரலாறு.

1983 செப்டெம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போன்ற, ஆனால் எல்லாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளம் என்பது நோக்கம். அதற்குக் கம்பைலர் வேண்டும். 1987 இல் ஜிசிசி வெளிவந்தது. அதே 1987 கோடையில், இன்னும் பதின்ம வயதில் இருந்த ரோலண்ட் மெக்ராத் என்பவர் சி லைப்ரரியை எழுதத் தொடங்கினார். உங்களில் பலருடைய வயதுதான். அவர் 2017 இல் விலகும்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த இரண்டும் ஒரே வருசத்தில் பிறந்தது பின்னால் நடந்த பலவற்றை விளக்கும். ஜிலிப்சியை எந்தக் கம்பைலராலும் கட்ட முடியாது என்பதுதான் அதன் நீண்டகால நிலை. ஜிசிசி மட்டும். ஜிசிசிக்கு மட்டும் விளங்கும் சில வசதிகளை அது தாராளமாகப் பயன்படுத்தியது. உதாரணமாக, ஒரு செயற்பாட்டுக்குள் இன்னொரு செயற்பாட்டை எழுதும் முறை சாதாரண சி மொழியில் கிடையாது, ஜிசிசியில் உண்டு. ஜிலிப்சியில் நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி அதை அண்மைக்காலம் வரை பயன்படுத்தியது. 2022 இல் வந்த 2.35 பதிப்பில்தான் அது அங்கிருந்து நீங்கியது. மேக் கருவியிலும் அதே கதை. க்னூ மேக் தவிர வேறு மேக் உதவாது. வேறு மேக்கில் ஓடும்படி ஜிலிப்சியை மாற்றுவதைவிட க்னூ மேக்கையே உங்கள் கணினிக்குக் கொண்டுபோவது சுலபம் என்று நிறுவும் குறிப்பிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் அவர்கள் பகிடி விடவில்லை.

1991 ஓகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் புதிய இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு முதலில் சொன்ன அறிவிப்பில்கூட இரண்டு பதிப்பு எண்கள் இருக்கின்றன. பாஷ் 1.08, ஜிசிசி 1.40. இவை தன் கேர்னலில் ஓடுகின்றன என்று அவர் சொன்னார். கேர்னல் பெரிய விசயம் என்றுதான் நாம் படிக்கிறோம். அன்று அதை வாசித்தவர்களுக்கு முக்கியமானது இந்த இரண்டு எண்களும்தான். அவை ஓடினால் மற்றவற்றை அதன்மேல் கட்டிக்கொள்ளலாம்.

ஜிலிப்சி அப்போது லினக்ஸுக்குத் தயாராக இல்லை. ஆகவே லினக்ஸ்காரர்கள் அதைப் பிரித்து எடுத்துத் தங்களுக்கென்று ஒரு லைப்ரரி வைத்துக்கொண்டார்கள். எச். ஜே. லூ என்பவர் அதைப் பராமரித்தார். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 5. 1997 ஜனவரியில் ஜிலிப்சி 2.0 வந்து, லினக்ஸ் உலகம் திரும்பித் தாய்வீட்டுக்குப் போனபோது ஒரு சிக்கல். 2 என்று பெயர் வைத்தால் 5 ஐவிடச் சின்னதாகத் தெரியும், பழைய நிரல்களோடு குழம்பும். அதனால் லினக்ஸில் அந்தக் கோப்புக்கு லிப்சி.எஸ்ஓ.6 என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதே பெயர்தான். உங்கள் உபுண்டுவில் தேடிப் பாருங்கள், முடிவில் 6 இருக்கும். அந்த ஆறுக்குப் பின்னால் ஒரு பிரிவும் ஒரு சேர்க்கையும் இருக்கின்றன.

அடுத்த பிரிவு கம்பைலரில். ஜிசிசியின் வளர்ச்சி மெதுவாகவும் மூடிய கதவுக்குப் பின்னாலும் நடக்கிறது என்று சலித்தவர்கள் 1997 இல் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனியே போனார்கள். 1999 பெப்ரவரியில் வந்த ஜிலிப்சி 2.1 இன் தேவைப் பட்டியலைப் பாருங்கள். ஜிசிசி 2.8.1 போதும் என்றிருக்கும். ஆனால் பரிந்துரைக்கப்படுவது ஈஜிசிஎஸ் 1.1.1. க்னூவின் சொந்த லைப்ரரி, க்னூவின் சொந்தக் கம்பைலரை விட்டு, பிரிந்துபோனவர்களுடையதைப் பரிந்துரைக்கிறது. இரண்டு மாதம் கழித்து, 1999 ஏப்ரலில், ஈஜிசிஎஸ்தான் இனி அதிகாரபூர்வமான ஜிசிசி என்று முடிவானது. ஒரு நிறுவும் குறிப்பு அரசியல் பேசுமா? என்னைக் கேட்டால் அந்த வரி பேசியது.

அந்தக் காலத்துப் பட்டியலில் எனக்குப் பிடித்த இன்னொரு வரி மேக்கைப் பற்றியது. 3.75 நல்லது, 3.77 நல்லது, நடுவில் வந்த 3.76 வேண்டாம். சிறிய வேலைகளில் 3.76 இன் பிழைகள் தெரியாது, ஜிலிப்சி போன்ற பெரிய வேலையில்தான் வெளிவரும். “இதற்கு மேல் எதுவும் சரி” என்ற ஒரே கோட்டை அங்கே போட முடியாது. யாரோ ஒருவர் இரவு முழுக்க உட்கார்ந்து, பிழை தன்னுடையதா கருவியுடையதா என்று தேடிக் களைத்திருப்பார். அந்த இரவு ஒரு வரியாகச் சுருங்கிப் பட்டியலில் நிற்கிறது.

2000 இல் நடந்தது இன்னும் விசித்திரம். செப்டெம்பரில் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 7 இல் இருந்த கம்பைலரின் பெயர் ஜிசிசி 2.96. ஆனால் அப்படி ஒரு பதிப்பை ஜிசிசி குழு வெளியிடவே இல்லை! வளர்ச்சியின் நடுவில் இருந்த நிரலை எடுத்து, திருத்தி, ரெட் ஹாட் தானே அனுப்பியது. அதிகாரபூர்வமான வரிசையில் 2.95 க்குப் பிறகு நேரே 3.0. ஜிசிசி குழு அந்த ஒக்டோபரிலேயே, இது எங்கள் வெளியீடு அல்ல என்று அறிக்கை விட்டது. கேர்னலைக் கட்ட அந்தக் கம்பைலர் சரிவராது என்பதால் கேஜிசிசி என்ற பெயரில் ஒரு பழைய கம்பைலரையும் அதே பெட்டியில் சேர்த்துக் கொடுத்தார்கள். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் நம்ப முடியாது.

இதன் தலைகீழ்க் கதையும் உண்டு. ஜிலிப்சியின் கான்ஃபிகர், மேக்கின் பதிப்பை நீண்டகாலம் எப்படிச் சோதித்தது தெரியுமா? எண்ணாக ஒப்பிடவில்லை. எழுத்தாகப் பார்த்தது. 3.79 என்று தொடங்குகிறதா, அல்லது 3.8, 3.9 என்று தொடங்குகிறதா? ஆம் என்றால் உள்ளே வா, இல்லாவிட்டால் நீ பழையவன். எழுதியவருக்கு 3.9 க்கு அப்பால் ஒரு காலம் வரும் என்று தோன்றவில்லை. 2013 ஒக்டோபரில் மேக் 4.0 வந்தது. உடனே ஜிலிப்சி அதைப் பார்த்து “மிகப் பழையது” என்றது! சில வாரங்களில் திருத்தினார்கள், ஜிலிப்சி 2.19 இலிருந்து அந்தப் பிழை இல்லை. ஆனால் முன்பே வெளிவந்த பதிப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. இன்றைக்கும் யாராவது 2.17 ஐப் புதிய கணினியில் கட்டப் பார்த்தால், புத்தம்புதிய மேக்கைக் காட்டி, போய்ப் புதியது வாங்கி வா என்று அது சொல்லும்.

இப்போது அந்த ஆய்வுகூடத்துக்குத் திரும்புவோம். மேக், பைசன், கம்பைலர்.

மேக்: 2.28 கேட்டது 4.0. சென்ட்ஓஎஸ் 7 இல் இருந்தது 3.82, அதாவது 2010 இல் வந்தது.

கம்பைலர்: கேட்டது ஜிசிசி 4.9. இருந்தது 4.8.5. இங்கே கொஞ்சம் நின்று திகதிகளைப் பாருங்கள். ஜிசிசி 4.9 வெளிவந்தது 2014 ஏப்ரலில். சென்ட்ஓஎஸ் 7 இன் மூலமான ரெட் ஹாட் 7 வெளிவந்தது 2014 ஜூனில். இரண்டு மாத இடைவெளி. பத்து வருசம் தாங்க வேண்டிய ஒரு இயங்குதளத்தில், வெளிவந்து இரண்டே மாதமான கம்பைலரை யாரும் வைக்கமாட்டார்கள். அது நியாயமான முடிவு. அதேபோல, 2018 ஓகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28, நான்கு வயதான கம்பைலரை அடிக்கோடாக வைத்ததும் நியாயமான முடிவு. 4.9 இல்தான் 2011 ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் சொன்ன சில முக்கியமான வசதிகள் ஜிசிசிக்கு வந்து சேர்ந்தன. அடிக்கோடு 4.9 என்றால் அவற்றைப் பயமில்லாமல் எழுதலாம், பழைய கம்பைலருக்கென்று இரட்டை வழி வைக்கத் தேவையில்லை. இரண்டு நியாயங்களும் சேர்ந்து என்னை ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தப் பின்னறையில் உட்கார வைத்தன.

மூன்றாவது, பைசன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் எழுத ஆசை.

பைசன் என்பது இலக்கண விதிகளைக் கொடுத்தால் அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலை உண்டாக்கித் தருகிற கருவி. ஒரு சி லைப்ரரிக்கு இலக்கணம் எதற்கு? தேடினேன். விடை ‘இன்டில்’ என்ற ஒரு சிறிய அடைவுக்குள் இருந்தது. அது மொழிபெயர்ப்புக்கான பகுதி. ஒரு நிரல் “1 கோப்பு அழிக்கப்பட்டது”, “5 கோப்புகள் அழிக்கப்பட்டன” என்று சொல்ல வேண்டும் என்று வையுங்கள். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது மொழிக்கு மொழி மாறும். தமிழுக்கு இரண்டு வடிவம் போதும்: ஒன்று, ஒன்று அல்லாதது. ரஷ்ய மொழிக்கு மூன்று. அரபுக்கு ஆறு. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும் அந்த விதி ஒரு சின்னச் சூத்திரமாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சூத்திரத்தைப் படிக்கிற நிரல் பைசனால் உண்டாக்கப்படுகிறது.

முன்பெல்லாம் பைசன் உண்டாக்கிய நிரலையே மூலநிரலோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். கட்டுகிறவருக்குப் பைசன் தேவையில்லை. 2.28 இலிருந்து, பைசன் 2.7 ஆவது வைத்திருங்கள், நீங்களே உண்டாக்குங்கள் என்றார்கள். மனிதர் எழுதியதை மட்டும் மூலநிரலாக வைப்பது, இயந்திரம் உண்டாக்கியதை வைக்காமல் விடுவது. கொள்கையாக எனக்கு அது சரி என்றே படுகிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமை என்னை நிறுத்திய மூன்றில் ஒன்று, ரஷ்யனுக்கும் அரபுக்கும் தமிழுக்கும் பன்மை சரியாக வரவேண்டும் என்பதற்காக இருந்தது என்று தெரிந்தபோது என் கோபம் பாதியாகக் குறைந்தது. (ஜிலிப்சிக்குள் தமிழுக்கு இரண்டு இடக் கோப்புகள் இருக்கின்றன. ஒன்று இந்தியாவுக்கு, ஒன்று இலங்கைக்கு. மாதங்களின் பெயர், கிழமைகளின் பெயர் எல்லாம் அதில் உண்டு. திறந்து பாருங்கள்.)

அடுத்த பதிப்பான 2.29, 2019 பெப்ரவரியில், பட்டியலில் பைத்தான் 3.4 ஐச் சேர்த்தது. அதுவரை கட்டும்போது நடக்கும் சில கணக்குகளை ஆக் என்ற பழைய கருவியில் எழுதியிருந்தார்கள். பைத்தானில் எழுதினால் படிக்கச் சுலபம், பராமரிக்கச் சுலபம். அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே ஆண்டு 2.30 இல் ஜிசிசியின் அடிக்கோடு 6.2 ஆனது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பைத்தானை ஓட்ட ஒரு சி லைப்ரரி வேண்டும். சி லைப்ரரியைக் கட்டப் பைத்தான் வேண்டும். ஜிசிசிக்கும் அதே சுற்று.

என் அம்மம்மா தயிருக்கு உறை போடுவது எனக்கு எப்போதும் நினைவில் இருக்கும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவார். ஒருநாள் யாரோ தயிரை முழுக்கச் சாப்பிட்டுவிட்டார்கள். (நான்தான்.) அம்மம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் உறை வாங்கி வந்தார். அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய தயிரிலிருந்து. கம்பைலரும் அப்படித்தான். இன்றைய ஜிசிசி நேற்றைய ஜிசிசியால் கட்டப்பட்டது.

இதில் பயப்பட ஒரு காரணமும் இருக்கிறது. யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தொம்சன், 1984 இல் வெளிவந்த தன் டியூரிங் விருது உரையில் அதைக் காட்டினார். ஒரு கம்பைலருக்குள் கள்ளத்தனம் ஒன்றைப் புகுத்தி, அது அடுத்த கம்பைலரைக் கட்டும்போது அந்தக் கள்ளத்தனத்தையும் சேர்த்தே கட்டும்படி செய்யலாம். மூலநிரலில் ஒரு எழுத்தும் தெரியாது. உறையில் நஞ்சு இருந்தால் எல்லாத் தயிரிலும் நஞ்சு.

அப்படியானால் முதல் உறை வரை திரும்பிப் போக முடியுமா? கீக்ஸ் என்ற லினக்ஸ் திட்டத்தோடு சேர்ந்து உழைத்தவர்கள் பல ஆண்டுகள் முயன்று 2023 ஏப்ரலில் அதைச் செய்து காட்டினார்கள். தொடக்கத்தில் இருப்பது வெறும் 357 பைட் நீளமுள்ள ஒரு நிரல். நான் மேலே எழுதிய ஒரு பந்தியைவிடச் சின்னது, மனிதர் கண்ணால் படித்துச் சரிபார்க்கக்கூடியது. அதை வைத்து இன்னொன்று, அதை வைத்து இன்னொன்று என்று படிப்படியாக ஏறி, ஒரு சிறிய சி கம்பைலர் வரை வருகிறார்கள். அதற்கு மேல்தான் எனக்கு ஆச்சரியம். அந்தச் சிறிய கம்பைலரால் இன்றைய ஜிசிசியைக் கட்ட முடியாது. 2013 இல் வந்த 4.8 இலிருந்து ஜிசிசியே சி++ மொழியில் எழுதப்படுகிறது. அதைக் கட்ட ஒரு சி++ கம்பைலர் முன்பே இருக்க வேண்டும். ஆகவே அவர்கள் பழைய கூடத்துக்குப் போகிறார்கள். மேக் 3.80. ஜிசிசி 2.95.3, 2001 இல் வந்தது. அதை வைத்து ஜிலிப்சி 2.2.5, 2002 இல் வந்தது. அதை வைத்து ஜிசிசி 4.6.4. பிறகு ஜிலிப்சி 2.16. பிறகு ஜிசிசி 4.9.4. அதற்குப் பிறகுதான் இன்றைய உலகம்.

“மிகப் பழையது” என்று கான்ஃபிகர் திருப்பி அனுப்பும் பதிப்புகள்தான் அந்த ஏணியின் படிகள். யாராவது பழைய மூலநிரல் கோப்புகளை இடம் போதவில்லை என்று அழித்திருந்தால் அந்த ஏணி இல்லை.

எல்லாரும் இந்தப் பாதையில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2011 இல் ரிச் ஃபெல்கர் வெளியிட்ட மஸ்ல் என்ற சி லைப்ரரியைக் கட்ட ஒரு கம்பைலரும் மேக்கும் போதும், பைசனும் வேண்டாம், பைத்தானும் வேண்டாம். அல்பைன் லினக்ஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஜிலிப்சி தருகிற எல்லாம் அதில் கிடைக்காது. ஆனால் சின்னப் பட்டியல் வைத்துக்கொள்வது சாத்தியம் என்று அது காட்டுகிறது. எனக்கு இரண்டின் மீதும் மரியாதை உண்டு. ஒரு பின்னறையில் மாட்டிக்கொண்ட நாளில் மட்டும் மஸ்லின் மீது கொஞ்சம் கூட.

அடிக்கோடு உயரும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு அண்மைய உதாரணம். 2024 தொடக்கத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோட் 1.86 வந்தபோது, தூரத்துக் கணினியோடு இணைந்து வேலை செய்ய அங்கே ஜிலிப்சி 2.28 ஆவது இருக்க வேண்டும் என்றார்கள். சென்ட்ஓஎஸ் 7 இருந்த இடங்களில் எல்லாம், முதல் நாள் வேலை செய்தது மறுநாள் இணைய மறுத்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே திருத்தம் விட்டு, மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். சென்ட்ஓஎஸ் 7 க்கான ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்தது. ஆனால் ஆதரவு முடிந்த திகதியில் கொம்பியூட்டர்கள் தாமாக அணைந்துவிடுவதில்லை.

என் சனிக்கிழமை எப்படி முடிந்தது? புதிய கம்பைலரைக் கட்டி, புதிய மேக்கைக் கட்டி, பைசனைக் கட்டி, பிறகு ஜிலிப்சியைக் கட்டுவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்ததும், எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மணியைப் பார்த்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பின்யூட்டில்ஸ் தொகுதியில் ஒப்ஜ்டம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு நிரல் எந்த லைப்ரரியின் எந்தப் பதிப்பிலிருந்து எந்தச் செயற்பாட்டைக் கேட்கிறது என்று அது காட்டும். எங்கள் புதிய நிரலை அதில் போட்டேன். நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். எல்லாம் 2.17 க்குள் அடங்கியவை. ஒன்றே ஒன்று மட்டும் 2.28 ஐக் கேட்டது: எஃப்சிஎன்டிஎல்64. பெரிய கோப்புகளைக் கையாள்வதற்காக 2.28 இல் புதிதாகச் சேர்ந்த பெயர். அதன் பழைய வடிவமே எங்களுக்குப் போதும். நிரலை எழுதிய தம்பியைத் தொலைபேசியில் எடுத்தேன்.

“அண்ணா, நான் ஒண்டும் மாத்தேல்லையே” என்றான்.

“எதில கட்டினனீ?”

“என்ர மெசினில. டெபியன் 10.”

டெபியன் 10 இன் ஜிலிப்சி 2.28. அவன் எதையும் மாற்றவில்லைதான். கட்டிய இடத்தின் வயது நிரலில் ஒட்டிக்கொண்டது. பழைய ஜிலிப்சியில் கட்டிய நிரல் புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. பைத்தான் பொதிகளை எல்லாருக்கும் ஓடும்படி கட்ட விரும்பியவர்கள் இதை அறிந்துதான், சென்ட்ஓஎஸ் 7 ஐ ஒரு பெட்டிக்குள் போட்டு, அதற்குள் வைத்துக் கட்டினார்கள். அந்தத் தம்பியையும் அப்படியே செய்யச் சொன்னேன். முக்கால் மணித்தியாலத்தில் புதிய கோப்பு மின்னஞ்சலில் வந்தது. ஓடியது. அந்தக் கொம்பியூட்டரில் ஒரு லைப்ரரியையும் நான் தொடவில்லை.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால்: லினக்ஸ் முனையத்தில் எல்டிடி என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடும் வெர்ஷன் என்ற சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் ஜிலிப்சியின் எண் வரும். பிறகு லிப்சி.எஸ்ஓ.6 எங்கே இருக்கிறது என்று தேடி, அதையே ஒரு நிரலைப் போல ஓட்டுங்கள். லைப்ரரியை ஓட்டலாமா என்று கேட்காதீர்கள், இதை ஓட்டலாம். தன் பெயரையும் பதிப்பையும் சொல்லிவிட்டு, தான் எந்த ஜிசிசியால் கட்டப்பட்டது என்றும் ஒரு வரி சொல்லும். கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், மூலநிரல் இருக்கும் அடைவுக்கு வெளியே தனி அடைவு ஒன்றை உண்டாக்கி அங்கே கட்டுங்கள். நிறுவும் இடமாக உங்கள் சொந்த வீட்டு அடைவைக் கொடுங்கள். பழையதன் மேல் போடாதீர்கள். ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’ என்ற இலவசப் புத்தகத்தின் தொடக்கத்தில், உங்கள் கருவிகளின் வயதைச் சரிபார்க்கும் ஒரு சிறிய நிரல் இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள்.

அந்த அம்மணி போன மாதம் ஓய்வு பெற்றார். கொம்பியூட்டர் இன்னும் ஓடுகிறது, 2.17 உடன்.